ஒற்றையா இரட்டையா சொல்ல வந்தவன்

சாரல்பேட்டை தெற்கு ரத வீதியில், மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த மென்பொருள் கம்பெனியில் ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் அதை எழுதியவர் நேரிலேயே வந்துவிடுவார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் அப்படி என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, மேற்கே மலையில் மேகம் ஏறினால் இங்கே துணி காயாது என்பதற்கும் யாரும் காரணம் கேட்டதில்லையே, அதுபோல. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் அல்ல. உலகத்தில் எங்கோ ஒருவர் தன் தேவைக்கு ஒரு நிரலை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்திருப்பார்; மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் வேலைக்குள் சேர்த்துக்கொள்வார்கள், எழுதியவரின் பெயர்கூடத் தெரியாமல். எல்லா ஊரிலும் கதை அதோடு முடிந்துவிடும். சாரல்பேட்டையில் மட்டும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

முதலில் வந்தவர் டென்மார்க்காரர். ஒரு பள்ளிக்கூடத்து வருகைப்பதிவுக்காகத் தேதி கணக்கிடும் லைப்ரரி ஒன்றைச் சேர்த்தபோது, ஐப்பசி மழையில் கம்பளிச் சட்டையோடு நனைந்து வந்து, ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிடத்துக்குச் சொந்தக்காரரும் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவருமான ஞானதிரவியம் கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்து, "சைவமா, அசைவமா?" என்று மட்டும் கேட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய, குளியல் முறை எழுதும் பலகையில் அவர் பெயரையும் எழுதினார். ஒரே வாரத்தில் தெருவில் ஆளாளுக்கு மறந்துபோன கல்யாணத் தேதிகளைச் சொல்லி அன்றைக்கு என்ன கிழமை என்று அவரிடம் கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். திரும்பிப் போக ஆசையில்லையா என்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் பாதி வருஷம் இருட்டு, இங்கே சூடான பரோட்டா என்று சொல்லிவிட்டார். அதனால் வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று கம்பெனி நம்பியது. தப்புக் கணக்கு அங்கே தொடங்கியது.

கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி ஆவுடையப்பன், எந்த வேலையையும் 'ரெண்டு நிமிஷ வேலை' என்று ஒப்புக்கொண்டு வருகிறவர். நிரல் எழுதுகிறவர்கள் உலகம்மையும் பீர்முகம்மதுவும். ஒரே கல்லூரியில் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஓயாமல் சண்டை போடுகிறவர்கள். சாரல் சீசனுக்குள் ஊரின் புதுப் பேருந்து நிலையத்தைத் திறக்க வேண்டும், வருகிற பேருந்துகளை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வேலையை ஆவுடையப்பன் கொண்டுவந்தபோது, எண்ணைக் கொடுத்தால் அதைத் தமிழில் சொல்லும் பகுதியைத் தானே எழுதிவிடுவதாக பீர்முகம்மது சொன்னான்.

"ஒன்னு ரெண்டு மூணு எண்ணத் தெரியாதா எனக்கு? இதுக்குப் போயி லைப்ரரி எதுக்கு, யாரையாவது வரவழைச்சு உக்கார வைக்கதுக்கா?"

எண்ணத் தெரிந்தவன்தான். ஆனால் தமிழில் எட்டு வரைக்கும் ஒழுங்காக நடந்துவரும் எண்கள் ஒன்பதில் கால் மாறிவிடும் என்பதை அவன் எழுதும்போதுதான் கண்டான். எண்பதுக்கு அடுத்தது ஒன்பதுபத்து இல்லை, தொண்ணூறு; எண்ணூறுக்கு அடுத்தது ஒன்பதுநூறு இல்லை, தொள்ளாயிரம். நூறு என்பது பின்னால் ஆள் வந்தால் நூற்று ஆகும், இருபது இருபத்து ஆகும், அந்த இருபத்தும் ஏழைக் கண்டால் இருபத்தேழு என்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றை அவன் சரி செய்தால் இன்னொன்று புட்டுக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, திறப்பதற்கு முன்பே வண்டிகள் வந்துபோகத் தொடங்கிய பேருந்து நிலையத்தில் நடந்த வெள்ளோட்டத்தில் ஒலிபெருக்கி மிகவும் பணிவான பெண் குரலில், "தடம் எண் நூறு ஒன்பது பத்து ஒன்பது, தென்காசி செல்லும்" என்று அறிவித்தது.

ஊர் அதைக் கொண்டாடிவிட்டது. வாழைத்தார் விற்கிறவர் 'ரெண்டு பத்து அஞ்சு' என்று கூவினார், வயதைக் கேட்டால் 'ஆறு பத்து ரெண்டு' என்றார்கள், பூக்கடையில் முழத்தைக்கூட அப்படியே எண்ணினார்கள். பீர்முகம்மது பின்தெரு வழியாக ஆபீசுக்கு வர ஆரம்பித்தான்.

திறப்பு விழாவுக்குப் பதினாறு நாள் இருந்தபோது உலகம்மை ஒரு லைப்ரரியைக் கண்டுபிடித்தாள். மலேசியாவில் ஈப்போவில் கணக்கு வாத்தியாராக இருந்த தவமலர் என்பவர், தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது. கோடி வரைக்கும் சொல்லிப் பார்த்தாள், ஒரு சந்திகூடப் பிசகவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு பட்டியல் இருந்தது. தவமலர் தன் நிரலை எழுதும்போது வேறு சிலர் எழுதியதை எடுத்துச் சேர்த்திருந்தார், அவர்கள் வேறு சிலருடையதை. உலகம்மை எல்லாவற்றையும் சுவர்ப் பலகையில் கொடி போலப் படர விட்டு எழுதி முடித்துவிட்டு எண்ணினாள்.

"டீச்சர் ஒருத்தங்க வந்தா வரட்டும், அண்ணாச்சி. பின்னாடியே பத்துப் பேரு வாராவ."

"பத்து என்னம்மா பத்து? கல்யாண வீட்டுல பந்திக்கு முந்துத கூட்டம்கூட இல்ல" என்றார் ஆவுடையப்பன்.

"கடைசி ஆளைப் பாருங்க. மொத்தமே எட்டு வரி எழுதியிருக்கான். நம்பரைக் கொடுத்தா ஒத்தையா ரெட்டையான்னு சொல்லும். அம்புட்டுதான்."

பீர்முகம்மது நாற்காலியிலேயே சாய்ந்து சிரித்தான். "அதுக்கு ஒரு ஆளா? அதை ஒரே வரியில எழுதலாமே, ரெண்டால வகுத்து மீதியைப் பாத்து."

"தொள்ளாயிரத்தைக்கூட ஒரே வரியில எழுதலாம்னு சொன்னவன்தானே நீ" என்றாள் உலகம்மை.

ஞானதிரவியத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாடிக்கு ஒரே கக்கூஸ், தொட்டியில் ஆயிரம் லிட்டர்தான் பிடிக்கும், விடியற்காலை ஐந்திலிருந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்தால் சமாளிக்கலாம் என்று அளவையாளராகக் கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு படியில் பாதி இறங்கி நின்று, "அது சரி, வாரவங்க எப்போ போவாங்க?" என்று கேட்டார்.

வந்தவர் போகவேண்டுமானால் அவர் எழுதியதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இங்கே யாராவது எழுத வேண்டும், எழுத நேரம் இல்லாததால்தானே அவரைக் கூப்பிடுவது. அந்தக் கேள்வியை அப்படியே படியில் நிற்க விட்டுவிட்டு, "சேத்துரு உலகு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் ஆவுடையப்பன். விசையை அழுத்தியது உலகம்மையின் விரல்.

நாலாம் நாள், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். முன்னால் தவமலர் டீச்சர், பூப்போட்ட குடையும் சாக்பீஸ் டப்பாவுமாக. அவர் பின்னால், சொல்லின் முன்னும் பின்னும் தொங்கும் வெற்றிடத்தைக் கத்தரிக்கும் நிரலை எழுதிய போலந்துக்காரர். அவர் பின்னால், கோப்புகளைத் திறக்கும் நிரலை எழுதிய கணவனும் மூடும் நிரலை எழுதிய மனைவியும். இப்படியாகப் பத்துப் பேர், எல்லாரும் கையில் எது இருந்ததோ அதோடு, ஒருவர் பல் துலக்கும் பிரஷோடு, ஒருவர் நாய்ச் சங்கிலியோடு, நாய் இல்லாமல். பதினோராவதாக ஏறி வந்தவன் பிரேசில் நாட்டுக்காரன், தியாகோ என்று பெயர், முப்பது வயதுகூட இராது. அவன் கையில் ஒரு சின்ன மஞ்சள் குல்லா இருந்தது. பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கிறான், கால் நிற்கவில்லை. அவன் சாரல்பேட்டையில் இறங்கிய நேரம் அங்கே அவனுக்குப் பெண் பிறந்திருந்தாள்.

அன்றைக்கே ஒலிபெருக்கி திருந்திவிட்டது. "தடம் எண் நூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்று அது சொன்னபோது பேருந்து நிலையத்தில் கை தட்டினார்கள், கொஞ்சம் வருத்தத்தோடுதான். எதிர்வீட்டு மெஸ் நடத்தும் செல்லத்தாயி உலையில் கூடுதலாக மூன்று படி போட்டாள். தவமலர் டீச்சர் காலையில் காய்கறிக் கடைத்தெருவைச் சுற்றி வந்து, 'ரெண்டு பத்து அஞ்சு' என்று கூவுகிறவர்களைக் குடையால் தட்டி, "இருபத்தைந்துலா, எங்கே, சொல்லு" என்று திருத்தினார். போலந்துக்காரர் ரேஷன் கடை வரிசையின் தலையிலும் வாலிலும் ஒட்டி நிற்கும் சும்மா ஆட்களைக் கத்தரித்து அனுப்பியதால் அவரைக் கடைக்காரர் கையோடு வைத்துக்கொண்டார். கோப்புத் தம்பதிக்குள்தான் ஒத்துப் போகவில்லை. கணவன் திறந்த கதவையெல்லாம் மனைவி மூடினாள், அவள் மூடியதையெல்லாம் அவன் திறந்தான், அதனால் தெருவிலேயே அந்த மாடிக்குத்தான் நல்ல காற்று என்றார்கள்.

எல்லாரையும்விட ஊருக்கு அதிகம் தேவைப்பட்டவன் தியாகோ. பெண் பார்க்கப் போனால் ஒற்றைப்படையாகப் போக வேண்டும், அதுவும் மூன்று பேராகப் போகக் கூடாது. சீர்த் தட்டு ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மாடிப்படிகூட ஒற்றைப்படையில் முடிய வேண்டும். பதினைந்துக்கு மேல் தட்டு அடுக்கினால் யாருக்கும் எண்ணிக்கை நிற்பதில்லை. ஆகவே சீர் கொண்டு போகிறவர்கள் மேளத்தோடு தெற்கு ரத வீதி வழியாக வந்து மாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் ஜன்னலில் வந்து தட்டுகளை ஒரு நொடி பார்த்து, "ஒத்தை" என்பான், அல்லது "ரெட்டை" என்பான். தமிழில் அவன் கற்ற சொற்கள் அவை இரண்டுதான். ரெட்டை என்றால் செல்லத்தாயி ஓடிப் போய் ஒரு தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக் கொடுப்பாள்.

மற்ற நேரத்தில் அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் குழந்தை தூங்கியது, அழுதது, கொட்டாவி விட்டது. தெருப் பெண்கள் அதைக் கைமாற்றி வாங்கிப் பார்த்து, மூக்கு அப்பனுடையது, நெற்றி அம்மாவுடையது என்று முடிவு செய்து, கண்ணுக்கு மை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். இரண்டு முறை அவன் குல்லாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரை பேருந்தில் ஏறினான். இரண்டு முறையும் பேருந்து எங்கும் திரும்பாமல் நேராகவே போய், சாரல்பேட்டை பேருந்து நிலையத்தில் வந்து நின்றது. நடத்துநர் அவன் தோளைத் தட்டி, "எறங்கு சாமி, உன் கணக்கு இன்னும் இங்கதான் ஓடுது" என்றார்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில் இருபத்தொரு தட்டோடு ஒரு கூட்டம் கீழே வந்து நின்றபோது, தியாகோ ஜன்னலுக்கு வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினான். தெரியவில்லை. அதே நொடியில் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி, "தடம் எண்..." என்று தொடங்கி நின்றுவிட்டது. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் வண்டிகள் எல்லாம் தங்கள் எண்ணை யாராவது சொல்லட்டும் என்று இஞ்சினை உறுமவிட்டு நின்றன.

உலகம்மை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் கைபேசியைக் காட்டினான். குழந்தை விரித்த கையால் அம்மாவின் விரலைப் பிடித்திருந்தது. இன்னொரு கை சும்மா காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. விசையை அழுத்திய தன் விரலை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து நேராக மெஸ்ஸுக்குப் போனாள், தவமலர் டீச்சர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்க நிரல்ல அவனைக் கூப்பிடுத இடம் ஒன்னே ஒன்னு. அதை எடுத்துருங்க. அந்த எடத்துக்கு நான் ஒரு வரி எழுதித் தாரேன்."

"சரியா வேலை செய்யறதை நான் எதுக்கு மாத்தணும்லா? ஏழு வருஷமா ஒரு தப்பு இல்லை. என்னை எடுத்து எத்தனை பேர் சேர்த்திருக்காங்க தெரியுமா? நாளைக்கு எங்கேயாவது பிசகினா யார் பேரு கெடும்?"

"அவன் சரியா வேலை செய்யலையே, டீச்சர். அழுதுட்டு இருக்கான்."

டீச்சர் கையைக் கழுவிவிட்டு மாடிக்கு ஏறினார். கைபேசியை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். எத்தனை கிலோ என்று கேட்டார். ஏழு வருஷமாக இந்தப் பையனுடைய எட்டு வரியை எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை நன்றி என்று எழுதிப் போட்டதில்லை என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அப்புறம் வகுப்பறைக் குரலில், "எங்கே உன் ஒரு வரி? காட்டு" என்றார்.

உலகம்மை காட்டினாள்.

"பூஜ்யம் ஒற்றையா, இரட்டையா?"

"ரெட்டை."

"பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் மூணு?"

உலகம்மை யோசித்தாள். வரியில் ஓரிடத்தைத் திருத்தினாள். "ஒத்தை."

"இப்ப சரி."

செய்தி தெருவுக்குள் பரவி மாடிப்படி நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சீர் இருக்கிறது, அதுவரைக்கும் அவனை விடாதே என்றார்கள் சிலர். விழா முடியட்டும், அப்புறம் ரெண்டு நிமிஷ வேலை என்றார் ஆவுடையப்பன். பீர்முகம்மது மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அவன் போனா அந்த எடத்துக்கு யாரு வருவான்னு தெரியும்லா உனக்கு? எழுதினவதான்."

"நான் இங்கதானேடே இருக்கேன். தினமும் ஒன்பதரைக்கு வாரேன், ஆறு மணிக்குப் போறேன்."

"அது நீயா வாரது. இது உன்னை வரவழைக்கது. வித்தியாசம் இருக்கு, உலகு."

தெரியும் என்றாள். திரும்பி வந்து எட்டு வரியை அழித்தாள், ஒரு வரியை எழுதினாள், டீச்சர் தலையசைத்தார், பேருந்து நிலையத்தில் தொண்டையில் நின்ற எண் வெளியே வந்தது. தியாகோ நாற்காலியிலிருந்து எழுந்தான். நெடுநாள் கழித்துச் செருப்புக் கழன்றவன் போலக் காலை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். செல்லத்தாயி வழிக்குப் புளிச்சோறு கட்டினாள், சீர்க்காரர்கள் ஒரு தட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள், அதனால் அவர்களுடையது இருபதாகி இன்னொன்று வாங்க ஓட வேண்டியதாயிற்று. மூன்று மணி மதுரை வண்டியில் ஏறினான். இந்த முறை வண்டி எங்கெல்லாமோ வளைந்து வளைந்து போய், மதுரையில் நின்றது.

வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. எல்லா வண்டிக்கும் அதனதன் எண் கிடைத்தது. சனிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை, பீர்முகம்மது பயந்தது பொய் என்று உலகம்மை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு மைல் தள்ளி அவள் வீட்டில், ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கால் நடக்கத் தொடங்கியது. அடுப்பை அணைக்க அம்மாவைக் கூப்பிட மட்டும் நேரம் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ஓ, கூப்பிட்டாச்சா" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். தோசைக் கரண்டியோடு பேருந்தில் ஏறியவளுக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். மாடியில் அவள் போய்ச் சேர்ந்தபோது தியாகோவின் நாற்காலியைத் தவமலர் டீச்சர் துடைத்து வைத்திருந்தார்.

உட்கார்ந்தாள். எரிச்சலாக வந்தது. கிழக்கே ஒலிபெருக்கி ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் நாக்கு தானாக ஒத்தை, ரெட்டை என்று முனகியது, அதை நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அதுவும் போயிற்று. கரண்டியிலிருந்த மாவு காய்ந்து உதிர்ந்தது. எதிரே போலந்துக்காரர் ரேஷன் கடை விடுமுறை என்பதால் வேலையில்லாமல், ஜன்னல் திரையின் தொங்கும் நூல்களைப் பொறுமையாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து மெலிந்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்போது அவளுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. ஒரு வரிக்காக வந்தாலும் ஒன்பது வரிக்காக வந்தாலும், வரப்போவது ஒருத்திதானே.

"ஐயா," என்று போலந்துக்காரரைக் கூப்பிட்டாள். "உங்க ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், ஒரு கை போதவில்லை.

உலகம்மை நாற்காலியை மேஜைக்கு இழுத்தாள். வெற்றிடம் கத்தரிப்பது பெரிய வேலையில்லை, நாலு வரி. முதல் வரியை அடிக்கப் போகும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பீர்முகம்மது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், யாரும் வரவழைக்காமல் தானாகவே வந்திருந்தான். மேஜையின் அந்தப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தினான்.

"தள்ளு. இந்த நாலு வரியை நான் எழுதுதேன்."

"எழுதினா என்ன ஆகும்னு தெரியும்லா உனக்கு?"

"தெரியும்" என்றான், திரையைப் பார்த்தபடியே, முதல் வரியை அடித்துக்கொண்டே.